ஒட்டுப்போட்ட ரோட்டில் மட்டும் 'டொக் டொக்': ஷாக் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

8 ஜனவரி 2025, கேள்வி (பள்ளத்தூர் வாசகர்)

டீசல் ஹேட்ச்பேக், 2014 மாடல், 92,000 கி.மீ. ஓடியது. மழை முடிந்ததிலிருந்து முன்பக்கம் இடது சக்கரத்தில் 'டொக் டொக்' என்று சத்தம். 20, 25 வேகத்தில் ஒட்டுப்போட்ட ரோட்டில் போனால்தான் வருகிறது. திருச்சி நெடுஞ்சாலையில் 80-ல் போகும்போது சத்தமே இல்லை. ஸ்பீடு பிரேக்கரிலும் வருவதில்லை. பட்டறையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் 'முன் ஷாக் ரெண்டும் போச்சு, மாத்தணும்' என்று சொல்லிவிட்டார்கள். ஷாக் (ஷாக் அப்சார்பர்) கெட்டால் இப்படித்தான் சத்தம் வருமா? மாற்றிவிடலாமா?

8 ஜனவரி, இரவு

வாங்காதீர்கள் தம்பி. பணம் மடியிலேயே இருக்கட்டும்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கும். ஒட்டுப்போட்ட ரோட்டில் ஒன்று மேட்டில் இருக்கும், மற்றது பள்ளத்தில் இருக்கும். இரண்டு முன்சக்கரத்தையும் இணைத்து, வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் கம்பிக்குப் பெயர் ஸ்டெபிலைசர் பார். இரண்டும் சேர்ந்து ஏறினால் அதற்கு வேலையே கிடையாது. தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் அப்படியே சுழன்று கொடுத்துவிடும். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால்தான் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்குகிற விசை முழுதும் இரு ஓரத்திலும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடு வழியாகத்தான் போக வேண்டும். லிங்கின் நுனியில் இருக்கும் சின்ன பால் ஜாயின்ட் நம் தோள்மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. கிண்ணம் தேய்ந்துவிட்டால் விசை திசை மாறும் ஒவ்வொரு முறையும் குண்டு போய் முட்டும். உங்கள் 'டொக்' அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு.

ஷாக் கெட்டதற்கு அடையாளங்கள் வேறு. உடம்பில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் செம்மண் தூசி ஒட்டி, ஈரமான களிம்பு மாதிரி நிற்கும். நெடுஞ்சாலையில் பாலம் சேருமிடத்தில் வண்டி ஒரு தரம் குதித்து நிற்காமல் இரண்டு மூன்று தரம் ஆடும். டயரின் மேல் கையை ஓட்டினால் மேடு பள்ளமாகத் தட்டுப்படும். பானெட்டை அமுக்கி விட்டுப் பார்ப்பது பழைய சோதனை. அதில் செத்துப்போன ஷாக் மட்டும்தான் மாட்டும், அரைகுறை ஷாக் தப்பித்துவிடும். ஆகவே அமுக்கிப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னாலும் நம்ப வேண்டாம், 'போச்சு' என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஓட்டிப் பார்க்காமல் சொன்னவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

9 ஜனவரி

ஒன்று விட்டுப்போனது. எதையும் கழற்றுவதற்கு முன்னால் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அதே ரோட்டில் ஒரு நடை போய் வாருங்கள். எங்கள் பக்கம் கல்யாண சீசனில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. சாமான் ஏற்றிய வண்டியில் ஒரு எவர்சில்வர் தூக்கு சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்து, மாப்பிள்ளை வீட்டார் 'பின் ஆக்ஸில் போச்சு' என்று முடிவுகட்டிய கதை எனக்குத் தெரியும். பட்டறைப் பையன் கையை விட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, 'ஆச்சி, ஆக்ஸில் இந்தாங்க' என்றானாம்.

டயர் காற்றையும் பாருங்கள். பங்கில் கேட்காமலே 40 அடித்து அனுப்புகிறவர்கள் உண்டு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கிற அளவுதான் சரி. கல் மாதிரி இறுகின டயரில் நல்ல சஸ்பென்ஷனும் தட்டும்.

11 ஜனவரி

'சத்தம் இடது பக்கம்தான் என்று எப்படித் தெரியும்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டால் தெரியாது. முன்சக்கரத்து லிங்க், லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை), ஸ்டியரிங் ரேக் எல்லாம் பெரும்பாலும் ஒரே குறுக்குச் சட்டத்தில் அல்லது அதை ஒட்டித்தான் நிற்கின்றன. ஒரு மூலையில் அடித்தால் இரும்பு வழியாக அடுத்த மூலைக்குப் போய்க் கேட்கும். என் வண்டியில் வலது காலுக்கு அடியில் உணர்ந்த அடி, கடைசியில் இடது ஆர்ம் புஷ்ஷிலிருந்து வந்தது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு வசதி இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்குக் கிடைக்காது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக இருக்கும் வீடுகள். பக்கச் சுவர் மட்டும் நீளமாக, உயரமாக, ஜன்னல் குறைவாக ஓடும். அந்தச் சுவரை ஒட்டி, எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, ஏசி, ரேடியோ எல்லாம் நிறுத்தி, 10, 15 வேகத்தில் போங்கள். சுவர் பக்கத்துச் சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். அப்புறம் வண்டியைத் திருப்பி, அதே சுவர் மறுபக்கம் வரும்படி போங்கள். எந்தத் தடவை பளிச்சென்று கேட்கிறதோ அந்தப் பக்கம். பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்தால் முன்னா பின்னா என்பதும் தெரிந்துவிடும்.

பகல் இரண்டு மணிக்குப் போங்கள். தெருவே உறங்கும். காலையில் போனால் 'என்ன தம்பி, வழி தேடுறியா' என்று நாலு பேர் நிறுத்தி விசாரிப்பார்கள்.

12 ஜனவரி

லிங்கை எப்படிச் சோதிப்பது என்று பலரும் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாக.

பெரும்பாலானவர்கள் செய்வது: ஒரு பக்கம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு லிங்கைக் கையால் ஆட்டிப் பார்ப்பது. ஆடாது. 'லிங்க் டைட்டா இருக்கு, ஷாக்தான்' என்று அடுத்த படிக்குப் போய்விடுவார்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி நிற்கும். அந்த இறுக்கத்தில் தேய்ந்த ஜாயின்ட்டும் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு, புதியது போல நடிக்கும். இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டும். பிட் (அடியில் ஆள் இறங்கிப் பார்க்கும் குழி) உள்ள பட்டறை நல்லது. வண்டி நாலு சக்கரத்தில் பிட்டின்மேல் நிற்க, ஒருவர் வெளியே நின்று வண்டியைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்ட, கீழே இருப்பவர் லிங்க் ஜாயின்ட்டின் மேல் விரலை வைத்தால் 'கிளிக்' என்று விரலில் அடிக்கும். காதுக்குக் கேட்காதது கைக்குத் தெரியும்.

ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் தொப்பி கிழிந்திருந்தால் சோதனையே வேண்டாம். உள்ளே கிரீஸ் போயிருக்கும், செம்மண் போயிருக்கும், ஜாயின்ட்டும் போயிருக்கும். மழைக்குப் பிறகு சத்தம் வந்தது என்றீர்களே, தேங்கிய தண்ணீரில் ஓட்டினால் கிழிந்த தொப்பி வழியாகச் சேறு உள்ளே போய்விடும், பிறகு வெயிலில் காய்ந்து அரைக்கும். பாதாள சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களில் இந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும்.

அதைவிட உறுதியான சோதனை, லிங்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. மேலே ஒன்று கீழே ஒன்று, இரண்டே நட்டு. பெரும்பாலும் 14 அல்லது 17 சைஸ். நட்டைத் திருகும்போது குண்டும் சேர்ந்து சுற்றும், அதைப் பிடிக்க நடுவில் ஆலன்கீ குழி இருக்கும். துருவில் அது உருண்டைக் குழியாகிவிடும் வழக்கம் உண்டு, முந்தின நாளே துரு எண்ணெய் அடித்து வையுங்கள். கழற்றிய பிறகு ஊர்த்தெருவில் மெதுவாக மட்டும் ஓட்டுங்கள். வளைவில் வண்டி அதிகமாகச் சாயும், நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது.

12 ஜனவரி, கொஞ்சம் கழித்து

மேலே சொன்னதற்கு ஒரு கூடுதல் குறிப்பு. இல்லாவிட்டால் புது லிங்க் வாங்கிவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.

ஒரு பக்க லிங்கைக் கழற்றினாலே ஸ்டெபிலைசர் பார் முழுவதும் வேலையிழந்துவிடும். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லையென்றால் கம்பி எதற்காக முறுக்கும்? ஆக இடதைக் கழற்றியதும் சத்தம் நின்றால் 'இடது லிங்க் கெட்டது' என்று அர்த்தமல்ல. இடது, வலது, நடுவில் கம்பியைப் பிடிக்கும் டி-புஷ், இந்த மூன்றில் ஒன்று என்று மட்டும்தான் அர்த்தம். அதற்கு மேல் கையால்தான் பார்க்க வேண்டும். சத்தம் நிற்கவே இல்லையா, ஸ்டெபிலைசர் பக்கத்தை மறந்துவிட்டு லோயர் ஆர்முக்குப் போங்கள்.

கழற்றும்போது இரண்டு நுனியையும் கழற்றி லிங்கை வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு நுனியில் தொங்கவிட்டால் அதுவே ஷாக்கில் தட்டிப் புதுச் சத்தம் போடும்.

16 ஜனவரி

இன்று எந்தப் பட்டறையும் இல்லை. சிராவயலில் மஞ்சுவிரட்டு, எல்லா மெக்கானிக்கும் அங்கேதான். அவசரமென்றால் நீங்களும் அங்கே போய்த் தேடலாம், வண்டியைத் தொழுவுக்கு எதிரே மட்டும் நிறுத்தாதீர்கள்.

17 ஜனவரி

'வாட்டர் சர்வீஸில் அடியில் டீசலும் பழைய எண்ணெயும் கலந்து ஸ்பிரே அடிக்கச் சொன்னேன், சத்தம் அடங்கிவிட்டது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அடங்கும். கொஞ்ச நாள் கழித்து இன்னும் பெரிதாக வரும். இரும்புக்குத் துருப்பிடிக்காமல் இருக்க லாரிக்காரர்கள் அடிப்பது அது. சஸ்பென்ஷன் புஷ் ரப்பர். டீசலும் எஞ்சின் ஆயிலும் இந்த ரப்பரை ஊறவைத்து உப்பவைக்கும், பிறகு அது தளர்ந்து கிழியும். கிரீஸும் அப்படித்தான். ரப்பரில் 'கிரீச்' சத்தம் வந்தால் அடிக்க வேண்டியது சிலிக்கான் ஸ்பிரே, அதுவும் கண்டுபிடிப்பதற்காக மட்டும். எந்தப் புஷ்ஷில் அடித்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் ஆள்.

ஸ்பிரே இல்லையென்றால் பாட்டிலில் தண்ணீர். காய்ந்த புஷ்ஷின் கிரீச் தண்ணீருக்கும் சற்று நேரம் அடங்கும். மழை நாளில் வராத சத்தம் வெயிலில் வருகிறது என்றால் ரப்பர்மேல் சந்தேகப்படலாம். மழையோ வெயிலோ ஒரே மாதிரி 'டொக்' என்றால் இரும்பு.

19 ஜனவரி

பள்ளத்தூர் தம்பி எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், நடுவில் வந்தவர்களுக்காக. இடது லிங்கைக் கழற்றிவிட்டு ஓட்டினார், 'டொக்' நின்றது. கையால் பார்த்ததில் இடது மேல் ஜாயின்ட்டில் நல்ல ஆட்டம், தொப்பியும் கிழிந்திருந்தது. வலதும் அதே வயது என்பதால் இரண்டையும் மாற்றிவிட்டார். ஷாக் ஜோடிக்குச் சொன்ன விலையில் சின்னப் பங்குகூட ஆகவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இப்போது நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்று கேட்கிறதாம். முன்பும் இருந்திருக்கும் தம்பி. பெரிய சத்தம் போனதும் சின்னது காதில் விழுகிறது.

இது லிங்க் இல்லை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கூடு, அதாவது ஸ்ட்ரட், ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்ப வேண்டும். திரும்புவதற்காக அதன் தலையில் டாப் மவுண்ட் பேரிங் என்று ஒன்று இருக்கிறது. அது தூசியிலும் துருவிலும் பிடித்துக்கொண்டால் ஸ்பிரிங் முறுக்கேறி, தாங்க முடியாத இடத்தில் படக்கென்று விடுபடும். அந்த விடுபடல்தான் 'டொய்ங்'. பானெட்டைத் திறந்து, ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, ஸ்ட்ரட்டின் தலையில் உள்ளங்கையை வைத்தால் அது துள்ளுவது தெரியும். ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவில் விரலைக் கொடுக்காதீர்கள்.

20 ஜனவரி

டாப் மவுண்ட் பேரிங் வேலை வீட்டில் செய்கிற வேலையல்ல. காரணம் சொல்லிவிடுகிறேன். யூடியூப் பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தூக்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

பானெட்டுக்குள் ஸ்ட்ரட்டின் தலையில் சுற்றிலும் சின்ன நட்டுகளும் நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரியும். அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நடு நட்டு. ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரில் இறுக்காமல் அதைக் கழற்றினால் நூற்றுக்கணக்கான கிலோ விசை ஒரே நொடியில் அவிழும். பல்லோ கண்ணோ போன பிறகு சத்தம் எங்கே என்று தேட வேண்டியிருக்காது. சுற்றி உள்ள சின்ன நட்டுகளைக் கழற்றிக் கூட்டை முழுசாக இறக்கி, கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் கொடுங்கள். கழற்றுகிற அன்றே பேரிங், மவுண்ட் ரப்பர், ஜம்ப் ரப்பர் (முழுதும் அமுங்கும்போது இடி வாங்கும் ரப்பர்), தூசி உறை எல்லாவற்றையும் பார்த்துவிடுவது லாபம். கூலி ஒரே கூலி.

இந்த ஸ்ட்ரட் அமைப்புக்குப் பெயர் மெக்பெர்சன். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1940-களில் வடிவமைத்தது. 1950-ல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல், ஜெஃபிர் கார்களில் வந்து உலகம் முழுதும் பரவியது. ஷாக், ஸ்பிரிங், திரும்பும் அச்சு மூன்றும் ஒரே தூணில். இடமும் செலவும் மிச்சம். தலையில் ஒரு ரப்பரும் ஒரு பேரிங்கும் முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பது அதற்கான விலை.

20 ஜனவரி, ராத்திரி

'அந்தக் காலத்து அம்பாசிடரில் இந்தத் தொல்லையெல்லாம் உண்டா' என்று காரைக்குடிப் பெரியவர் ஒருவர் கிளறிவிட்டார். விஷயத்தை விட்டுப் போகிறோம், போவோம்.

எங்கள் அப்பச்சி வைத்திருந்தது அம்பாசிடர். முன்னால் டார்ஷன் பார், பின்னால் லீஃப் ஸ்பிரிங். சத்தம் இல்லாமலா? பின்பக்கம் கட்டில் மாதிரி முனகும். லீஃப் தகடுகளுக்கு நடுவில் கிராஃபைட் கிரீஸ் வைத்தால் கொஞ்ச நாள் அமைதி. முன்னால் நிப்பிள் நிப்பிளாகத் தேடி கிரீஸ் கன் வைத்து அடிக்க வேண்டும். டிரைவர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் கொட்டகையில் பாயை விரித்து அடியில் போய்விடுவார், பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வந்து புது கிரீஸின் நிறம் தெரிகிற வரைக்கும் அடிப்பார். அதில் சேறும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இப்போதைய பால் ஜாயின்ட் மூடி முத்திரை போட்டு வருகிறது. நிப்பிள் இல்லை, கிரீஸ் அடிக்க வழியில்லை. தொப்பி கிழியும் வரைக்கும் கவலையில்லை, கிழிந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

எது மேல் என்றால்... பாய் விரித்துப் படுக்க இப்போது யாருக்கு நேரம். மூடிய ஜாயின்ட்தான் மேல். பெரியவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

2 பிப்ரவரி

கண்டனூரிலிருந்து புதுக் கேள்வி. செடான் கார், பின்பக்கம் 'கட கட'. டிக்கியில் ஆத்தங்குடிக் கல் பெட்டிகள் ஏற்றினால் சத்தம் போய்விடுகிறது, இறக்கினால் திரும்பி வருகிறது.

அருமையான தடயம். எடை ஏறினால் போகிற சத்தம், எதிலோ தளர்வு இருக்கிறது, எடை அதை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துவிடுகிறது என்று காட்டுகிறது. முதலில் ஷாக்கின் மேல் நட்டையும் அதன் ரப்பர் வாஷரையும் பாருங்கள். பல செடான்களில் டிக்கியின் உள் ஓரத்தில் துணியை விலக்கினால் தெரியும். அந்த ரப்பர் நசுங்கிப் போனால் நட்டு தளர்ந்தது போலவே ஆகிவிடும். அடுத்தது ஸ்பிரிங்கின் அடியில் உள்ள ரப்பர் இருக்கை. அது நகர்ந்திருந்தால் ஸ்பிரிங் வெறும் இரும்பில் உட்காரும். கடைசியாக பின் ஆக்ஸிலின் பெரிய புஷ் இரண்டு.

மாறாக, எடை ஏறினால்தான் சத்தம் வருகிறது என்றால் கதை வேறு. ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்து, பள்ளத்தில் ஜம்ப் ரப்பரில் போய் இடிக்கும். அது 'டம்' என்று ஒற்றை அடி.

அப்புறம் கல் விஷயம். அந்தக் கல் சிமெண்டும் மணலும், எடை சாதாரணமில்லை. செடான் டிக்கியில் ஏற்றுவதை நிறுத்திவிட்டு ஒரு குட்டியானை பிடித்துவிடுங்கள். வாடகை அதற்குத் தகும்.

இனி ஒரு வாரம் பதில் வராது. பழனிக்குக் காவடி போகிறது, நத்தம் வழி. சாமான் வண்டி நான்தான் ஓட்டுகிறேன். நடக்கிறவர்கள் வேகத்துக்கு ஓட்டினால் எந்தச் சத்தமும் ஒளிய முடியாது என்பது கூடுதல் சௌகரியம்.

14 பிப்ரவரி

வந்துவிட்டேன். போன இடத்தில் கூட வந்தவர் வண்டியில் நடந்ததை எழுதுகிறேன், இந்த இழையிலேயே இதுதான் அதிகம் பேருக்கு உதவும்.

அவர் லோயர் ஆர்ம் புஷ் மாற்றியிருந்தார். நல்ல கம்பெனிப் பொருள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, மறுபடி கிழிந்துவிட்டது. பிரேக் போட்டால் 'டக்', கிளம்பினால் 'டக்'. பொருள் போலி என்று அவர் பொங்கிக்கொண்டிருந்தார். மாற்றும்போது எப்படி இறுக்கினார்கள் என்று கேட்டேன். லிஃப்டில் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கி, இறக்கிக் கொடுத்துவிட்டார்களாம்.

அங்கேதான் ரப்பர் செத்தது. ஆர்ம் புஷ் பேரிங் மாதிரிச் சுற்றுவதில்லை. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் மேலே கீழே போவதெல்லாம் ரப்பர் முறுக்குவதால்தான். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியை இறக்கியதுமே ரப்பர் பாதி முறுக்கில் நிற்கும். கார் கொட்டகையில் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு போகாது. அதன்மேல் பள்ளமும் சேர்ந்தால் எவ்வளவு நாள் தாங்கும்?

போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் ஒரு தரம் உருட்டி, ஒரு தரம் அமுக்கிவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது கடைசி இறுக்கு. பிட் இருந்தால் எளிது. பிட் இல்லாத பட்டறையில் ஆர்மின் வெளி நுனிக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி ஓட்டுகிற உயரத்துக்குத் தூக்கி இறுக்கலாம். சொன்னால் சில பேர் 'எங்களுக்கே சொல்லிக் கொடுக்கிறீங்களா' என்பார்கள். டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லுங்கள். நான் அப்படித்தான்.

ஆர்ம் புஷ்ஷை எப்படிச் சந்தேகிப்பது: காலி இடத்தில் நடை வேகத்தில் முன்னால் போய் பிரேக், ரிவர்ஸில் போய் பிரேக். இரண்டிலும் ஒரு 'டக்' விழுந்தால் ஆர்மின் பின் புஷ்ஷை முதலில் பாருங்கள். லிவரைக் கொடுத்து மெல்ல நெம்பினால் கிழிசல் வாயைத் திறக்கும்.

3 மார்ச்

தொண்டிப் பக்கம் இருந்து ஒருவர்: வண்டியின் ஒரு முன் மூலை தாழ்ந்திருக்கிறது, ஸ்டியரிங் திருப்பினால் 'டங்'.

டாப் மவுண்ட் என்று அவசரப்படாதீர்கள். தாழ்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். சமமான தரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நல்ல வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்திருக்கலாம். கீழ்த் தட்டில் சேறு தங்கும் இடத்தில் பெயின்ட் உரிந்து, துரு குழி விழுந்து, அங்கே விரிசல் தொடங்கும். உடைந்த துண்டு தட்டிலேயே கிடப்பதால் எட்டிப் பார்த்தாலும் தெரியாது, டார்ச் வேண்டும். கடலோரத்து உப்புக் காற்று இதை வேகமாகச் செய்யும். நம் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), துரு ஆராய்ச்சிக்கு மண்டபம் கடற்கரையில் தனி நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை.

உடைந்திருந்தால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். உடைந்த நுனி நகர்ந்தால் டயரைக் கிழிக்கும். ஸ்பிரிங் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

22 மார்ச்

அலைன்மெண்ட் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். லிங்க், டி-புஷ் மாற்றினால் தேவையில்லை. லோயர் ஆர்ம், டை ராடு எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் நுனி), ஸ்ட்ரட் கழற்றினால் கட்டாயம். 'அலைன்மெண்ட் பண்ணினால் சத்தம் போகும்' என்று சொல்கிற கடையில் காசு கொடுக்க வேண்டாம். ஆட்டம் உள்ள ஜாயின்ட்டோடு அலைன்மெண்ட் பார்த்தால் திரையில் வந்த எண் கடை வாசல் வரைக்கும்தான்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது 'டிக் டிக் டிக்' என்று சக்கரத்தின் வேகத்தோடு கூடும் சத்தம் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். அது இந்த இழைக்குள் வராது.

5 ஏப்ரல்

புதுவயல் நண்பருக்கு: லிங்க் புதிது, ஆர்ம் சரி, மவுண்ட் சரி, ஆனாலும் கரடுமுரடு ரோட்டில் 'லொட லொட' என்கிறீர்கள். அதே ரோட்டில் போகும்போது பிரேக்கை வேகம் குறையாத அளவுக்கு லேசாகத் தொட்டுக்கொண்டு ஓட்டுங்கள். சத்தம் நின்றால் அது சஸ்பென்ஷனே இல்லை, காலிப்பருக்குள் (பிரேக் பேடைப் பிடித்திருக்கும் கூடு) பேட் ஆடுகிறது. பேட் மாற்றும்போது பக்கத்தில் இருக்கும் மெல்லிய தகடு கிளிப்பைப் பழசையே திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது போடாமலே விட்டிருப்பார்கள். காலிப்பர் பின்னின் ரப்பர் உறையையும் பாருங்கள். பின்னுக்கு அதற்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ்தான், சாதாரண கிரீஸ் கூடாது. கிளிப் செட் சில்லறைக் காசு, சக்கரம் கழற்றினால் அரைமணி வேலை. போட்டுவிட்டு அதே ரோட்டில் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்.